நூறு ரூபாயில் எத்தனை காசு?

காந்திபுரம் நகரப் பேருந்து நிலையத்தை அடுத்துள்ள பேக்கரிகளில் மாலை ஆறு மணிக்கு மேல் நிற்க இடம் கிடைப்பதே அரிது. ஆலையிலும் கடையிலும் அலுவலகத்திலும் வேலை முடித்துத் திரும்புவோர், பேருந்துக்குக் காத்திருக்கும் சிறு பொழுதில் ஒரு தேநீரும் ஒரு தேங்காய் பன்னுமாக நின்றுகொண்டே உலகச் செய்திகளை அலசித் தீர்த்துவிடுவார்கள். 2025 பிப்ரவரியில், மத்திய அரசின் வரவு-செலவுத் திட்டம் வெளியான வாரத்தில், அத்தகைய கூட்டத்தில் நானும் ஒருவனாக நின்றிருந்தேன். என் அருகில் எங்கள் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர். பஞ்சாலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். கையிலிருந்த நாளிதழின் ஒரு மூலையை விரலால் தட்டிக் காட்டினார். மாலத்தீவுக்கு 600 கோடி ரூபாய் ஒதுக்கீடு என்று அச்சாகியிருந்தது.

“பாத்தீங்களா தம்பி? இங்க ரோட்டுல குழி மூட வக்கில்லை. நம்ம வரிப்பணத்தை மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. தனக்கு மிஞ்சித்தானுங்களே தானமும் தருமமும்?”

“மத்திய சர்க்கார் நூறு ரூபாய் செலவு செய்தால், அதில் வெளிநாட்டு உதவிக்கு எவ்வளவு போகும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்தார். “ஒரு பத்து ரூவா இருக்குமுங்க.” தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் குறுக்கிட்டு, “பத்துங்களா? இருவதுக்குக் கொறையாதுங்க” என்றார். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி மட்டும் கூச்சத்தோடு “அஞ்சு” என்றாள். அடுத்த வாரம் எங்கள் அன்பியக் கூட்டம் முடிந்ததும் இதே வினாவை அங்கிருந்தவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். அங்கும் ஐந்து, பத்து, இருபது என்றே விடைகள் வந்தன. ஒரு ரூபாய்க்குக் கீழே எவரும் இறங்கவில்லை. கணக்கைப் பார்ப்பதற்கு முன் நானும் நாலைந்து ரூபாய் என்றே எண்ணியிருந்தவன். ஆகையால் அவர்களைப் பார்த்து நகைக்க எனக்கு உரிமையில்லை.

உண்மைக் கணக்கு இதுதான். 2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு திட்டமிட்ட மொத்தச் செலவு ஏறத்தாழ 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி ரூபாய். அதில் அயல்நாடுகளுக்கு உதவி என்ற வகையில் வெளியுறவு அமைச்சகத்தின் வழியாக ஒதுக்கப்பட்டது 5,483 கோடி. வகுத்துப் பார்த்தால் நூறு ரூபாய்க்கு ஏறத்தாழப் பதினோரு காசு வருகிறது. ரூபாய் அன்று, காசு. இருபத்தைந்து காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் மாத இறுதியோடு செல்லாதவையாகிவிட்டன. ஆகவே இந்தத் தொகையை எண்ணிக் கொடுக்க இன்று நம் நாட்டில் நாணயமே கிடையாது.

அதே நூறு ரூபாயில், அரசு முன்பு வாங்கிய கடன்களுக்கு வட்டியாக மட்டும் இருபத்தைந்து ரூபாய்க்கு மேல் போகிறது. படையினரின் ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பாதுகாப்புக்குப் பதின்மூன்று ரூபாய்க்கு மேல். நியாய விலைக் கடை அரிசி, கோதுமைக்கான மானியம் நான்கு ரூபாய். நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு அவ்வாண்டு ஒதுக்கிய 86,000 கோடி, நூறு ரூபாயில் ஒரு ரூபாய் எழுபது காசு. வெளிநாடுகளுக்கு அளிக்கும் உதவி அந்த ஒரு திட்டத்தின் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. நாட்டு மக்கள் ஒவ்வொருவர் தலையிலும் பிரித்து வைத்தால் ஆண்டுக்கு நாற்பது ரூபாய்க்குள் அடங்கும். பேக்கரியில் நின்று நாங்கள் குடித்த தேநீர்க் கணக்கே அதற்கு மேல் போய்விட்டது.

அன்பியத்தில் இந்தக் கணக்கைச் சொன்னபோது, அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் நியாயமான ஐயம் ஒன்றை எழுப்பினார். அந்த ஒரு தலைப்பில் வராத செலவுகள் வேறு தலைப்புகளில் ஒளிந்திருக்கலாம் அல்லவா? இருக்கலாம். ஆகையால் கணக்கை இன்னும் தாராளமாகவே போட்டுப் பார்ப்போம். தூதரகங்கள், கடவுச்சீட்டு அலுவலகங்கள், ஐ.நா. சபைக்குச் செலுத்தும் பங்கு ஆகிய யாவற்றையும் சேர்த்து வெளியுறவு அமைச்சகம் முழுவதற்கும் அவ்வாண்டு ஒதுக்கப்பட்டது 20,516 கோடி. அந்த அமைச்சகத்தையே இழுத்து மூடினாலும் நூறு ரூபாயில் மிச்சமாவது நாற்பது காசுதான். அதைக் கொண்டு நம் சாலைக் குழிகளையெல்லாம் மூடிவிட இயலாது என்பது ஆசிரியைக்கும் விளங்கிற்று.

அப்படியானால் பத்து ரூபாயும் இருபது ரூபாயும் நம் மனத்தில் எங்கிருந்து வந்தன? ‘கோடி’ என்ற சொல் ஒரு காரணம். நம்மில் எவரும் கோடியைக் கையால் எண்ணியதில்லை. அறுநூறு கோடியும் ஆறு லட்சம் கோடியும் நம் காதில் ஒரே ஓசையாகத்தான் விழுகின்றன. நாளிதழ்களும் தொகையை அச்சிடுகின்றனவே தவிர, அது எந்த மொத்தத்தில் எத்தனையாவது பங்கு என்று சொல்வதில்லை. ஆனால் இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை இலங்கையின் அண்மை வரலாறு காட்டுகிறது.

கடனுதவி என்னும் சொல்

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கை பட்ட பாட்டை நாம் மறந்திருக்க முடியாது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால் மாவு இல்லை, மருத்துவமனைகளில் மருந்து இல்லை. மார்ச் 22 அன்று அங்கிருந்து பதினாறு பேர் இரு பிரிவுகளாகப் படகேறித் தனுஷ்கோடிப் பக்கம் கரை சேர்ந்தனர். போருக்குப் பயந்து வந்த காலம் போய், பசிக்குப் பயந்து வந்த காலம் அது. ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. அவ்வாண்டு இந்தியா இலங்கைக்குச் செய்த உதவியின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 400 கோடி அமெரிக்க டாலர் என்று செய்திகள் வந்தன. நம் பணத்தில் முப்பதாயிரம் கோடி ரூபாய் அளவு. “முப்பதாயிரம் கோடியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்” என்ற பேச்சு அன்று காந்திபுரத்திலும் கேட்டது, கன்னியாகுமரியிலும் கேட்டது.

தூக்கிக் கொடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம். உணவு, மருந்து முதலிய இன்றியமையாப் பொருள்களை வாங்குவதற்காக நம் ஸ்டேட் வங்கி 100 கோடி டாலர் கடன் வசதி அளித்தது. பெட்ரோலியப் பொருள்களுக்காக ஏற்றுமதி-இறக்குமதி வங்கி முதலில் 50 கோடி டாலர் கடன் அளித்தது. பின்னர் மேலும் 20 கோடி. இரு நாட்டு மைய வங்கிகளுக்கு இடையே நாணய மாற்று ஏற்பாடாக 40 கோடி டாலர். மீதியில் பெரும்பகுதி, முன்பே இறக்குமதி செய்த பொருள்களுக்கு இலங்கை நமக்குத் தர வேண்டியிருந்த தொகைக்குக் கொடுத்த தவணை. அதாவது மிகப் பெரும்பான்மை கடனும் தவணையுமே. வட்டியோடு திரும்பி வர வேண்டியவை. அக்கடன்களைத் திருப்பித் தரும் முறையைச் சீரமைக்க இந்தியா, சப்பான், பிரான்சு ஆகிய நாடுகளின் தலைமையில் கடன் கொடுத்தோர் குழு ஒன்று அமைந்தது. 2024 ஜூனில் இலங்கையோடு உடன்பாடும் ஏற்பட்டது. தானமாகக் கொடுத்த பணத்துக்கு எவரும் இப்படிக் குழு போட்டு உட்கார்ந்து பேசுவதில்லை.

நம் மொழியில் ‘கடனுதவி’ என்றொரு சொல் வழங்குகிறது. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன் வாங்கும் நம் உழவர், அச்சொல்லின் முற்பாதியைத்தான் அழுத்திக் கேட்பார். ஏனெனில் தவணை நாள் அவருக்குத் தெரியும். வேறு நாட்டுக்குக் கொடுத்த செய்தியைப் படிக்கும்போதோ, அதே உழவரின் காதில் பிற்பாதி மட்டும் விழுகிறது. கடன் கரைந்துபோய் உதவி மட்டும் நின்றுவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஏற்றுமதி-இறக்குமதி வங்கியின் வழியே நம் அரசு பிற நாடுகளுக்கு அளிக்கும் இவ்வகைக் கடன்களில், பொதுவாக முக்கால் பங்குப் பொருளையும் பணியையும் இந்தியாவிலிருந்தே வாங்க வேண்டும் என்பது நிபந்தனை. பம்பும் மோட்டாரும் வார்ப்பும் செய்து பிழைக்கும் கோயம்புத்தூர்க்காரருக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. அக்கடன்களின் பெரும்பகுதி இங்குள்ள ஆலைகளுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்குமே சம்பளமாகவும் விலையாகவும் வந்து சேர்கிறது.

நேரடி மானியமாகப் போவதிலும் முதலிடம் நம் அண்டை நாடான பூட்டானுக்கு. 2025-26இல் அதற்கு ஒதுக்கியது 2,150 கோடி. அங்குள்ள சுக்கா நீர்மின் நிலையத்தை, அறுபது விழுக்காடு மானியமாகவும் நாற்பது விழுக்காடு கடனாகவும் முழுச் செலவையும் ஏற்று இந்தியாவே 1980-களில் கட்டி முடித்தது. 336 மெகாவாட் திறன். அந்த மின்சாரத்தில் பூட்டானின் தேவை போக மிஞ்சியதை விலைக்கு வாங்கியது யார் என்றால், நாம்தான். பின்னர் வந்த தாலா, மாங்தேச்சு நிலையங்களின் கதையும் ஏறத்தாழ இதுவே. பூட்டானுக்கு வருவாய், நம் வட கிழக்குப் பகுதிகளுக்கு விளக்கு. இதைத் தருமம் என்று சொல்லிப் பெருமை கொள்ளவும் வேண்டாம், ஊதாரித்தனம் என்று வைது தீர்க்கவும் வேண்டாம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல்

உண்மையிலேயே இலவசமாகப் போன ஒன்றும் அவ்வாண்டில் இருந்தது. அது தமிழகம் அனுப்பியது. அயலுறவு மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகையால், ஒரு மாநிலம் தானாகப் பிற நாட்டுக்குப் பொருள் அனுப்ப இயலாது. எனவே 2022 ஏப்ரல் 29 அன்று சட்டப் பேரவையில் தீர்மானம் நிறைவேற்றி மத்திய அரசின் இசைவைப் பெற்றனர். 40,000 டன் அரிசி, 500 டன் பால் மாவு, 137 வகை மருந்துகள். மொத்த மதிப்பு 123 கோடி ரூபாய். மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட முதற் கப்பலில் 9,000 டன் அரிசியும், 200 டன் பால் மாவும், மருந்துகளும் இருந்தன. தமிழருக்கு மட்டும் என்று அனுப்ப வேண்டாம், எல்லா மக்களுக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று அங்குள்ள தமிழ்த் தலைவர்களே கேட்டுக்கொண்டதாக முதலமைச்சர் பேரவையில் தெரிவித்தார். பசியால் வாடிய நாளில் அவர்கள் அவ்வாறு கேட்டது என் மனத்தை விட்டு அகலவில்லை.

அந்த 123 கோடி, அவ்வாண்டுத் தமிழக அரசின் வருவாய்ச் செலவான ஏறத்தாழ 2 லட்சத்து 84 ஆயிரம் கோடியில் நூற்றுக்கு நான்கு காசு.

அன்பியத்தில் இதைச் சொன்னபோது, அதுவரை சுவரோரம் பாயில் வாய் திறவாமல் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் நிமிர்ந்தார். அவர் இலங்கையின் அட்டன் பகுதியில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்துகொண்ட ஒப்பந்தம், நாடற்றவர்களாய் நின்ற தோட்டத் தொழிலாளரில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று எண்ணிப் பிரித்தது. அந்தப் பிரிப்பில் இவர் குடும்பமும் இரண்டானது. இவர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, நீலகிரிக்குப் போனார். இவர்களைப் போன்றோருக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. நம் மாவட்டத்து வால்பாறையிலும் அத்தோட்டங்கள் பின்னர் ஏற்பட்டன. இவருடைய தங்கையோ அட்டனிலேயே தங்கிவிட்டார்.

“அந்த அரிசி தங்கச்சி ஊட்டுக்கும் வந்துச்சு” என்றார் மூதாட்டி. “போன் போட்டுச் சொன்னா. ‘ஒங்க ஊரு அரிசி வந்திருக்கு அக்கா, நல்லாக் குழைய வேகுது’ன்னா.”

வேறொன்றும் அவர் சொல்லவில்லை. பஞ்சாலைப் பெரியவர் மாத்திரம், “எத்தனை கிலோங்க குடுத்தாங்க?” என்று விசாரித்தார். மூதாட்டிக்கு அது நினைவில்லை.

நாம் உண்ட கோதுமை

இனி, பெரியவரின் பிள்ளைப் பருவத்துக்குச் செல்வோம். நம் பங்குகளில் எழுபது வயதைத் தொட்டவர்கள் எவரை வேண்டுமானாலும் கேளுங்கள். 1960-களில் பள்ளிக்கூடத்து மதிய உணவில் கோதுமை ரவை உப்புமாவும், வெந்நீரில் கரைத்த பால் மாவும் உண்ட கதையைச் சொல்லுவார்கள். மக்காச்சோள மாவுக் கூழின் மணம் இன்னும் நாசியில் நிற்கிறது என்பார்கள். கோயில் வளாகத்தில் குருவானவரும் உபதேசியாரும் வரிசையில் நிறுத்தி அளந்து கொடுத்த எண்ணெய் டின்களிலும் சாக்குகளிலும், இரு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் அச்சிட்டிருக்கும். டின் காலியானதும் வீட்டில் அரிசிப் பானையாயிற்று. சாக்கு, பிள்ளைகளுக்குக் கால்சட்டையாயிற்று. அவை அமெரிக்க அரசின் உபரித் தானியங்கள். கத்தோலிக்கத் துயர் துடைப்புப் பணி அமைப்பும், கேர் நிறுவனமும் பெற்று வந்து விநியோகித்தவை. எங்கள் பெரியவரும் அந்த வரிசையில் தட்டேந்தி நின்றவர்தாம், அவரே சொன்னார்.

“அது பூராவும் ஓசிலதானுங்களே வந்துச்சு?” என்று அவர் கேட்டதும் அன்று தவறான எண்ணமாகவே இருந்தது. பள்ளிக்கும் பங்குக்கும் வந்தது இலவசம். ஆனால் நியாய விலைக் கடைகளுக்கு வந்த கோதுமை, 1954-ஆம் ஆண்டில் அமெரிக்கா இயற்றிய 480-ஆம் எண் பொதுச் சட்டத்தின்படி விலைக்கு வந்தது. டாலருக்குப் பதில் ரூபாயாகக் கொடுக்கலாம் என்பதே சலுகை. அந்த ரூபாய் இங்கேயே அமெரிக்காவின் கணக்கில் மலைபோல் குவிந்தது. 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிகன், அதிலிருந்து 1,664 கோடி ரூபாயை ஒரே காசோலையாக எழுதி இந்தியாவிடமே திருப்பிக் கொடுத்தார். உலகிலேயே மிகப் பெரிய தொகைக்கான காசோலை என்று அது கின்னஸ் நூலில் ஏறியது.

அந்தக் கோதுமையில் கசப்பும் கலந்திருந்தது. 1965, 66 ஆகிய இரு ஆண்டுகளும் அடுத்தடுத்து மழை பொய்த்தன. கப்பல் வந்தால்தான் உலை கொதிக்கும் என்ற நிலை. 1966-இல் அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்கே வந்தது. அமெரிக்கத் தலைவர் ஜான்சனோ கப்பல்களை மாதத்துக்கு மாதம் தாமே எண்ணி விடுவித்தார். வியட்நாம் போரைப் பற்றி நம் அரசு கூறிய கருத்து அவருக்குப் பிடிக்கவில்லை. அந்நாளில் மத்திய உணவு அமைச்சராக இருந்தவர் நம் பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் உரோமை நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃப்ரீமனைச் சந்தித்து, இந்திய வேளாண்மையை எவ்வாறு மாற்றி அமைப்பது என்று உடன்பாடு செய்துகொண்டார். அவர் மனமோ கோதுமையைவிட விதையின் மேல் இருந்தது. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை இறக்குமதியாயிற்று. நாடாளுமன்றத்தில் அவர் கேட்ட ஏச்சுக்களுக்கு அளவில்லை. சில ஆண்டுகளில் பசுமைப் புரட்சி என்று நாடே அதைக் கொண்டாடியது. பிறரிடம் வாங்குவதைச் சீக்கிரம் நிறுத்துவதற்காகவே வாங்கிய உதவி என்று அதைச் சொல்லலாம்.

வேறு ஒன்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். நாமே சாக்கு ஏந்தி நின்ற அந்தக் காலத்திலும் நம் கை முற்றிலும் மூடியிருக்கவில்லை. சமவெளியிலிருந்து காத்மாண்டுக்கு மலையைக் குடைந்து முதல் மோட்டார்ச் சாலையை 1950-களில் அமைத்துக் கொடுத்தவர்கள் இந்திய இராணுவப் பொறியாளர்கள். வளரும் நாட்டவர்க்குத் தொழிற்பயிற்சி தரும் திட்டத்தை இந்தியா 1964 செப்டம்பரில் தொடங்கியது. கோதுமைக் கப்பலை எதிர்நோக்கியிருந்த ஆண்டுகளை ஒட்டித்தான். தனக்கு மிஞ்சிய பிறகே தானம் என்று அன்று காத்திருந்தால், அந்த நாள் எப்போது வந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த அமெரிக்கரின் கணக்கு

நமக்குக் கோதுமை அனுப்பிய நாட்டின் மக்கள், தங்கள் அரசு வெளிநாட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறது என எண்ணினார்கள்? இதைக் கே.எஃப்.எஃப். என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. சராசரி அமெரிக்கர் சொல்லும் விடை, நூறு டாலரில் இருபத்தைந்துக்கும் மேல். உண்மையோ ஒரு டாலர் அளவே. நம் பேக்கரியில் தேநீர் ஆற்றியவரைவிட அவர்கள் சற்றுத் தாராளமாகவே மிகைப்படுத்துகிறார்கள். சரியான கணக்கை எடுத்துச் சொன்ன பிறகு, “அளவுக்கு மீறிக் கொடுக்கிறோம்” என்போரின் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுவதையும் அந்நிறுவனம் கண்டிருக்கிறது.

இது வெறும் கணக்குப் பிழையாக நின்றுவிடவில்லை. 1961-இல் கென்னடியின் காலத்தில் தோன்றிய அமெரிக்க வெளிநாட்டு உதவி முகமையின் பணிகள் 2025 ஜனவரியில் திடீரென்று நிறுத்திவைக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலை முதல் நாளோடு அந்த முகமையே மூடப்பட்டது. ஆப்பிரிக்க நாடுகளில் எய்ட்சு நோயாளிகளுக்கு மருந்து கொடுத்துவந்த மனைகள் பல தடுமாறின. நம் பங்குகளுக்கு ஒரு காலத்தில் பால் மாவு கொண்டுவந்த அதே கத்தோலிக்கத் துயர் துடைப்புப் பணி அமைப்பு, தன் வருவாயில் ஏறத்தாழப் பாதியை அம்முகமையிடமிருந்தே பெற்றுவந்தது. அதுவும் தன் பணிகளையும் பணியாளரையும் குறைக்க நேர்ந்தது. நூற்றுக்கு இருபத்தைந்து போகிறது என்று நம்பும் மக்களிடம், அதை வெட்டினால் உங்கள் துன்பம் தீரும் என்று சொல்வது எளிது.

அதே நாட்களில் நம் நாட்டிலும் ஒரு புயல் அடித்தது. இந்தியாவில் வாக்குப் பதிவைப் பெருக்குவதற்காக அமெரிக்கா 2 கோடியே 10 லட்சம் டாலர் கொடுத்தது என்று 2025 பிப்ரவரியில் அங்கிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. நம் அரசியல்வாதிகள் கட்சிக்கு ஒரு பக்கமாக நின்று ஒருவரையொருவர் சாடினர். அத்தொகை வங்காள தேசத்துக்கான திட்டத்துக்கு உரியது என்று ஓர் ஆங்கில நாளிதழ் ஆவணங்களைக் காட்டி எழுதியது. அத்தகைய நிதி எதையும் இந்தியாவில் வழங்கவில்லை என்று அமெரிக்கத் தூதரகம் தெரிவித்ததாக, ஆகஸ்டு மாதம் நம் அரசே மாநிலங்களவையில் கூறியது. பிப்ரவரிச் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் ஆகஸ்டுச் செய்தியைப் படித்திருப்பார்கள்?

இவ்வளவும் சொன்னதால், அரசு எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்கக் கூடாது என்பதன்று என் கருத்து. கேட்க வேண்டியவை ஏராளம். தொடங்கிய திட்டங்கள் உரிய காலத்தில் முடிகின்றனவா? மியன்மாரிலும் நேபாளத்திலும் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கும் சாலைகளுக்கு யார் பொறுப்பு? ஒரு நாட்டு அரசு நம்மோடு முகம் சுளித்தால் அந்நாட்டு ஏழைக்கான உதவி குறைவதும், சிரித்தால் கூடுவதும் தகுமா? மாலத்தீவுக்கான தொகை ஆண்டுதோறும் ஏறி இறங்குவதைக் கவனித்தால் இந்தக் கேள்வி தானே எழும். ஏழை நாடுகளின் வளர்ச்சியைப் பற்றித் திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் விடுத்த சுற்றுமடலும், கொடுப்பவர் பெறுபவரை அடிமை கொள்ளலாகாது என்ற இக்கவலையைப் பேசுகிறது. வளம் பெற்ற நாடுகள் தங்கள் தேசிய வருவாயில் நூற்றுக்கு 0.7 பங்காவது கொடுக்க வேண்டும் என்று 1970-இல் ஐ.நா. சபை வகுத்த இலக்கை எட்டிய நாடுகளோ இன்றளவும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆனால் ‘இருபது ரூபாய் போகிறது’ என்ற நினைப்போடு இருப்பவருக்கு இக்கேள்விகளில் ஒன்றுகூடத் தோன்றாது. அவர் வாயில் வருவதெல்லாம் “நிறுத்து” என்ற ஒரே சொல்தான்.

சில வாரங்கள் கழித்து மீண்டும் அதே பேக்கரியில் பெரியவரைக் கண்டேன். பன் கட்டிக் கொடுத்த தாளைப் பிரித்து, பின்புறத்தில் பேனாவால் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆலையில் நூல் கணக்கு எழுதிப் பழகிய கை. எண்கள் வரிசை தப்பாமல் நின்றன.

“பூட்டானுக்கு நூத்துக்கு நாலு காசு வருதுங்க. செரிங்களா?”

சரி என்றேன்.

“அப்ப, அன்னிக்கு நானு மூட்டை கட்டி அனுப்பறாங்கன்னு சொன்னனே, அந்த மாலத்தீவு அறுநூறு கோடி?” தாளை என் பக்கம் திருப்பினார். “ஒத்தைக் காசுங்க. ஒத்தைக் காசுக்கா தம்பி நானு அத்தனை சத்தம் போட்டேன்!”

தேநீர் ஆற்றியவரும் எட்டிப் பார்த்தார். உக்கடம் பேருந்து வந்து நின்றது. பெரியவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியில் கால் வைத்தவர், திரும்பி, “இருந்தாலும் அந்த ஒத்தைக் காசு அங்க யாரு கைக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு கேக்கோணுமுங்களே?” என்றார்.

கேட்கத்தான் வேண்டும் என்று நான் சொன்னது அவர் காதில் விழுவதற்குள் நடத்துநர் விசில் ஊதிவிட்டார்.